காட்டில் கிளிக்கா பஞ்சம்?

கேள்வி: பச்சைக்கிளி ஒன்றைப் பல வருடமாகப் பிள்ளை மாதிரி வளர்க்கிறோம். வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறார்கள். லவ் பேர்ட்ஸ் வளர்த்தால் யாரும் கேட்பதில்லை. தோப்பெல்லாம் கிளிகள் கூட்டம் கூட்டமாகப் பறக்கின்றன. வேட்டையாடித் திரிகிறவர்களை விட்டுவிட்டு எங்களைக் குற்றவாளி ஆக்குவது நியாயமா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: நியாயம்தான். உங்கள் பாசத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கிளி எப்படி உங்கள் வீடு வந்து சேர்ந்தது என்று விற்றவரிடம் ஒருமுறையாவது கேட்டீர்களா?

பச்சைக்கிளி பெரும்பாலும் மரங்கொத்தியோ குக்குறுவானோ குடைந்துவிட்டுப் போன பொந்தில்தான் முட்டையிடும். மூன்று, நான்கு முட்டைகள். இறகு முளைக்காத குஞ்சுகளை எடுக்கப் பொந்தின் வாயை வெட்டிப் பெரிதாக்குவார்கள். கை எட்டாவிட்டால் கிளையையே சாய்ப்பார்கள். அடுத்த ஆண்டு அங்கே கிளிக்கும் இடமில்லை, அதே பொந்தை நம்பியிருந்த மைனாவுக்கும் புள்ளி ஆந்தைக்கும் இடமில்லை. எடுத்த குஞ்சுகளைப் பையிலும் கூடையிலும் நெருக்கி அடைத்துக் கொண்டுவருவார்கள். பட்டினியிலும் வெக்கையிலும் வழியிலேயே சாகிறவை உண்டு. பிழைத்த ஒன்றைத்தான், சிறகைக் கத்தரித்து, உங்களுக்கு விற்றிருக்கிறார்கள்.

வேட்டைக்காரர்களைப் பிடிக்கத்தான் வேண்டும். கண்ணி வைத்து மடையான் கொக்கையும் கவுதாரியையும் பிடிக்கிறவர்களை விடச் சொல்லவில்லை. ஆனால் காட்டைப் பொறுத்தவரை சுடப்பட்ட பறவையும் கூண்டிலிருக்கும் பறவையும் ஒன்றுதான். இரண்டும் இனி அங்கே குஞ்சு பொரிக்கப் போவதில்லை.

'ஏராளமாக இருக்கிறதே' என்கிறீர்கள். பின்லாந்து முதல் ஜப்பான் வரை கோடிக்கணக்கில் இருந்த ஒரு சின்னஞ்சிறு மஞ்சள் மார்புப் பறவையை (Yellow-breasted Bunting) பற்றியும் அப்படித்தான் சொன்னார்கள். வலசை வழியில் சீனாவின் வயல்களில் வலை விரித்து, கறிக்காக மூட்டை மூட்டையாகப் பிடித்தார்கள். 1997-இல் சீனா தடை விதித்தும் கள்ளத்தனமாகப் பிடிப்பது நிற்கவில்லை. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (IUCN) கணக்கில் 2004 வரை 'கவலை இல்லை' என்ற பட்டியலில் இருந்த இனம், 2017-இல் 'அழிவின் விளிம்பில்' என்ற பட்டியலுக்குப் போய்விட்டது. பின்லாந்தில் இப்போது அது கூடு கட்டுவதே இல்லை. பதின்மூன்றே ஆண்டுகள்!

லவ் பேர்ட்ஸ் விஷயம் வேறு. இங்கே அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் ஆஸ்திரேலியப் பறவை. தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பெருகி வருவது. அதை வாங்குவதால் நம் தோப்பில் ஒரு பொந்தும் காலியாவதில்லை. பச்சைக்கிளியோ நம் மண்ணின் காட்டுயிர். 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பிடிப்பது, விற்பது மட்டுமல்ல, வைத்திருப்பதும் குற்றம்.

ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். பயந்துபோய் மொட்டை மாடியில் திறந்துவிட வேண்டாம். சிறகு வெட்டப்பட்டு, கையில் ஊட்டியே வளர்ந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது, காக்கைகளிடமிருந்து தப்பவும் தெரியாது. கூண்டோடு வனச்சரக அலுவலகத்துக்கு எடுத்துப் போங்கள். அது என்ன தின்று பழகியது, எத்தனை வருடம் உங்களிடம் இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.