இந்த வாரம் ‘வீடு’ பாருங்கள், தங்கச்சி

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். பெங்களூரில் இருக்கும் மகன் பெரிய டிவி வாங்கி மாட்டி, ஓடிடிக்கும் பணம் கட்டியிருக்கிறான். ராத்திரி சாப்பிட்டு உட்கார்ந்தால் இவர் முக்கால் மணி நேரம் ரிமோட்டைத் தட்டுகிறார். கடைசியில் வெட்டுக் குத்துப் படம் ஒன்று ஓடும், நான் எழுந்து போய்ப் படுத்துவிடுவேன். ரெண்டு பேரும் சேர்ந்து பார்க்கிற மாதிரி, பலர் பார்க்காமல் விட்ட நல்ல படம் சொல்லுங்களேன்.
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: தங்கச்சி, முதலில் டிவியில் ஓடிடியைத் திறந்ததும் வரும் அந்த முகப்பை நம்பாதீர்கள். புதிதாக வந்ததையும் எல்லோரும் பார்ப்பதையும்தான் அது முன்னால் நிறுத்தும். பழைய படத்தை நாம்தான் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். ரிமோட்டில் மைக் பட்டன் இருந்தால் அதை அமுக்கிச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் யூடியூபில் பாருங்கள். இதையெல்லாம் சாயங்காலமே செய்துவிடுங்கள், சாப்பிட்ட பிறகு தேடினால் தூக்கம்தான் வரும்.

‘கே.டி. (எ) கருப்புதுரை’யில் தொடங்கலாம். 2019-இல் மதுமிதா எடுத்தது. நினைவு தப்பிக் கிடந்து கண் விழிக்கும் பெரியவர், பெற்ற பிள்ளைகளே தனக்குத் தலைக்கூத்தல் (முதியவர்களை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாகவிடும் வழக்கம்) நடத்தப் பேசுவதைக் கேட்டு வீட்டை விட்டு ஓடுகிறார். ஆரம்பத்தைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். பிறகு அவரும் ஒரு பொடியனும் ஆசைப்பட்டதையெல்லாம் செய்து பார்க்கிற கதை. மு.ராமசாமி பிரியாணி தின்பதைப் பார்த்தால் உங்கள் வீட்டுக்காரர் மறுநாளே கேட்பார்.

அடுத்து ‘ஏழாவது மனிதன்’, 1982, ஹரிஹரன் இயக்கம். நம் நெல்லைச் சீமைக் கதை. சிமென்ட் ஆலையால் அல்லல்படும் ஊர், அந்த ஊர்ப் பக்கம் நிற்கும் இளைஞன். ரகுவரன் கதாநாயகனாக வந்த முதல் படம். பாட்டெல்லாம் பாரதி, இசை எல்.வைத்தியநாதன். யேசுதாஸ் பாடிய ‘காக்கைச் சிறகினிலே’ இந்தப் படத்தில்தான்.

‘வீடு’ பற்றித்தான் நிறையச் சொல்ல ஆசை. பாலு மகேந்திரா, 1988. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னதும், மாதச் சம்பளத்தை நம்பிச் சொந்த வீடு கட்டத் துணிகிற பெண்ணாக அர்ச்சனா. தேசிய விருது வாங்கித் தந்த நடிப்பு. பாட்டு இல்லை, சண்டை இல்லை. ஆனால் கட்டட வேலையில் சிமென்ட் திருடு போகும்போது நம் வயிறு எரியும். பாளையங்கோட்டையில் நாங்கள் வீடு கட்டியபோது அம்மா தினமும் பொழுது சாய காலிச் சாக்குகளை எண்ணி அடுக்குவாள். கணக்கு இடித்த அன்று சோறு இறங்காது அவளுக்கு. இந்தப் படம் ஓடும்போது டிவியைப் பார்த்தே சத்தம் போட்டாள்: “ஏளா, சாக்க எண்ணிப் பாருளா!”

தாத்தாவாகச் சொக்கலிங்க பாகவதர். பாதி எழும்பிய வீட்டைப் பார்க்கத் தனியாகப் போவார். பூசாத சுவரைத் தொட்டுத் தடவிப் பார்ப்பார். பேச்சே கிடையாது, இளையராஜாவின் இசை மட்டும். தியேட்டர் சந்தடியில் இதெல்லாம் காணாமல் போயிருக்கும். வீட்டில், விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் அந்த விரல்கள் தெரியும். அப்போது தண்ணீர் குடிக்க எழுந்து போகாதீர்கள், உங்கள் வீட்டுக்காரரையும் விடாதீர்கள். செல்போன் இரண்டும் உள் அறையில் கிடக்கட்டும். “கொஞ்சம் ஓட்டி விடுவோமா?” என்று கேட்பார். ரிமோட்டை மட்டும் உங்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.