படிக்காதவங்க ஒரு போராட்டத்துக்குத் தலைமை தாங்க முடியுமா?

தாராளமா முடியும். நீங்க காலேஜ் படிக்கிறவரா இருப்பீங்க, பாடத்துல வர்ற தலைவருங்க பாதிப் பேர் வக்கீலா இருக்குறதால இந்தச் சந்தேகம் வந்திருக்கும். எங்கம்மா அஞ்சாவதோட நின்னவங்க, "உனக்கென்ன தெரியும்"னு சொந்தக்காரங்களே அவங்க வாயை அடைச்சதைப் பார்த்து வளர்ந்தவ நான், அதான் சுருக்குனு தைச்சிடுச்சு.

நான் அமெரிக்காவுல மெம்ஃபிஸ்ல இருக்கேன். தெற்கே கார்ல போனா மிசிசிப்பில ரூல்வில்னு சின்ன ஊரு, சுத்திப் பருத்திக் காடு. கறுப்பின மக்களோட ஓட்டுரிமைக்காகப் போராடுன ஃபேனி லூ ஹேமர் சமாதி அங்கதான், பொண்ணைக் கூட்டிட்டுப் போனேன். 20 பிள்ளைங்கள்ல கடைசி, ஆறு வயசுலயே பருத்தி எடுக்கப் போனவங்க. எழுதப் படிக்கத் தெரியுமேன்னு கமென்ட்ல வராதீங்க, தெரியும், ஆனா சின்ன வயசுலயே ஸ்கூல் நின்னுபோச்சு.

1962 ஆகஸ்ட் 31 அன்னைக்கு இவங்களையும் சேர்த்து 18 பேர் ஒரு பழைய பஸ்ல இண்டியனோலா கோர்ட்டுக்கு ஓட்டர் லிஸ்ட்ல பேர் சேர்க்கப் போறாங்க. அங்க மாநில அரசியலமைப்புல ஒரு பிரிவைக் கொடுத்து விளக்கி எழுதுன்னு பரீட்சை, பாஸா ஃபெயிலான்னு முடிவு பண்றது வெள்ளைக்கார அதிகாரி. அதாவது படிப்பைக் காட்டித்தான் கறுப்பின மக்களைத் தடுத்தாங்க. திரும்பி வரும்போது பஸ் ரொம்ப மஞ்சளா இருக்குன்னு ஃபைன் போட்டான் போலீஸ்! பேரை வாபஸ் வாங்கு இல்லேன்னா கிளம்புன்னாரு 18 வருஷமா வேலை பார்த்த பண்ணை முதலாளி. "நான் உங்களுக்காகப் போகல, எனக்காகப் போனேன்"னு சொல்லிட்டு அன்னைக்கு ராத்திரியே வெளியேறிட்டாங்க. 1963ல மிசிசிப்பிலயே வினோனாங்குற ஊர் ஜெயில்ல விழுந்த அடியில கிட்னி கெட்டுப்போச்சு.

1964ல அட்லான்டிக் சிட்டியில நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டுல இதையெல்லாம் அவங்க பேசப் பேச, டிவி அந்தப் பக்கம் திரும்பணும்னு ஜனாதிபதி ஜான்சன் அவசரமா ஒரு பிரஸ் மீட் வச்சாரு. சேனல்காரங்க ராத்திரி முழுப் பேச்சையும் போட்டுட்டாங்க. அப்புறம் மிசிசிப்பில இருந்து போன இவங்க குழுவுக்கு மாநாட்டுல பிரதிநிதியா ரெண்டு சீட் மட்டும் தர்றோம்னு கட்சிக்காரங்க பேரம் பேசுனப்போ, ரெண்டு சீட்டுக்காக இவ்ளோ தூரம் வரலைன்னுட்டாங்க.

இன்னொரு ஆதங்கம், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். இங்க நம்மாளுங்க நடத்துன ஒரு விழாவுல என் பொண்ணு இவங்களைப் பத்திப் பேசுறேன்னப்போ "தெரிஞ்ச பேரா எடும்மா"ன்னு மாத்தச் சொல்லிட்டாங்க. எல்லாரையும் சொல்லல, ஆனா நாம இங்க குடியேற வழிவிட்ட 1965 இமிக்ரேஷன் சட்டம் இவங்கெல்லாம் போராடுன காலத்துல வந்ததுதானே, கறுப்பின மக்களைப் பத்தி நம்ம வீடுகள்ல பேசுற பேச்சைக் கேட்டா வயிறு எரியுது.

அந்த மாநாட்டுப் பேச்சு ஆடியோவா நெட்ல கிடைக்குது, சின்னதுதான், கேட்டுப் பாருங்க.