ரெண்டு சாக்ஸ் போட்டும் பனியில் விரல் மரத்துப்போகுதா?

அண்ணாச்சி, ஜனவரியில் பாளையங்கோட்டையிலிருந்து நண்பர்களோடு உத்தராகண்ட் இமயமலையில் இருக்கும் கேதார்கந்தா சிகரம் ஏறப்போவதாகவும், போன பனி ஏற்றத்தில் ரெண்டு சாக்ஸ் போட்டும் விரல் மரத்ததாகவும் எழுதியிருக்கீங்க. அந்த ரெண்டாவது சாக்ஸ்தான் காரணமா இருக்கும். ஷூ இறுகினால் விரலுக்கு ரத்தம் சரியா ஓடாது. பருத்தி சாக்ஸ்னா வேர்வையைக் குடிச்சு ஈரமாவே கிடக்கும்.

தடித்த கம்பளி சாக்ஸ் ஒண்ணு போதும். அதை மாட்டிக்கிட்டு, கால் வீங்கியிருக்கும் சாயங்கால நேரத்தில் கடைக்குப் போய் ஷூ எடுங்க. அஞ்சு விரலும் தாராளமா அசையணும். நம்ம ஊர் வெயிலிலேயே அதைப் போட்டு நடந்து பழக்கிடுங்க. முன்பாதத்தில் லேஸைத் தளர்த்தி, கணுக்காலில் மட்டும் இறுக்கணும். பனியில் கால் புதையாமலிருக்க ஷூவுக்கு அடியில் மாட்டும் அகலச் சட்டமான ஸ்னோஷூ போட்டால், அதன் முன்பட்டையும் விரலை நசுக்கக் கூடாது. பலரும் கவனிக்காத இடம் இது. பனி உள்ளே இறங்காமலிருக்க, ஷூ வாயையும் கெண்டைக்காலையும் மூடுற உறையான கெய்ட்டர் கட்டுங்க.

உச்சி சுமார் 3,800 மீட்டர், ஏற்றம் விடியுமுன்னே தொடங்கும். நின்னு போட்டோ எடுக்கும்போதுதான் விரல் விறைக்கும், அசைச்சுக்கிட்டே இருங்க.

விரல் வெளுத்து மெழுகு மாதிரி ஆனால் தேய்க்காதீங்க, தீயில் காட்டாதீங்க. உணர்வில்லாத தோல் வெந்துபோவது தெரியாது. மறுபடி உறையாத இடத்துக்கு வந்தபிறகு, 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான தண்ணியில் முக்கி, உடனே டாக்டரிடம் போங்க.