அப்பாவுக்கு இரண்டு மாதமாக வறட்டு இருமல். பக்கத்து எம்.பி.பி.எஸ். டாக்டர் போதுமா, ஸ்பெஷலிஸ்டிடம் போகணுமா?

கேள்வியில் சில விஷயங்கள்தான் இருக்கின்றன. அப்பாவுக்கு அறுபது வயது தாண்டிவிட்டது, வறட்டு இருமல் போகவில்லை, ஊரில் "வெறும் எம்.பி.பி.எஸ்." டாக்டர்தான் இருக்கிறார், நேராக நுரையீரல் ஸ்பெஷலிஸ்டிடம் கூட்டிப்போகவா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் வெளியூரில் வேலையில் இருக்கிறீர்கள், ராத்திரி போனில் அப்பா பேசும்போது நடுநடுவே இருமுவதைக் கேட்டுவிட்டுத் தூக்கம் வராமல் இதை எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரையும் ஓடிக்கொண்டிருக்கும் என்பது என் ஊகம்.

அந்த "வெறும்" என்ற சொல்லுக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். எங்கள் வீட்டிலும் அதே பேச்சு நடந்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் குடியிருக்கும் பள்ளிக்கூட டீச்சர். ஸ்பெஷலிஸ்டுகளைக் குறை சொல்ல வரவில்லை. என் மாமனாருக்கு நெஞ்சுவலி வந்தபோது இதய டாக்டர் இல்லையென்றால் அவர் இன்றைக்கு இல்லை. கீழே வந்து "ஒரு கேஸை வைத்துக்கொண்டு எல்லாரையும் தப்பாகப் பேசாதீர்கள்" என்று எழுதப் போகிறவர்கள் முழுவதையும் படித்துவிட்டு எழுதுங்கள்.

என் அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டுகிறவர். விடியுமுன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவார். பால் எடுத்து, ஆசிட் ஊற்றி உறைய வைத்து, ஷீட் அடித்து, அதைப் புகைபோட்டு உலர்த்தும் புகைப்புரையில் போடுவது வரை எல்லாம் அவர் கைவேலைதான். பீடி, சிகரெட் கிடையாது. கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் பார்த்தபோதுதான் பிரஷர் இருப்பது தெரிந்தது. மாத்திரை தொடங்கினார்கள், ஒழுங்காகச் சாப்பிட்டார்.

சில மாதம் கழித்து இருமல் வந்தது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை, தொண்டைக்குழியில் எதுவோ ஊர்கிற மாதிரி ஒரு கொறுகொறுப்பு. படுத்தால் கூடும். அம்மா ராத்திரி எழுந்து சுக்கும் கருப்பட்டியும் போட்டுக் காப்பி வைத்துக் கொடுப்பாள். ஊரில் எல்லாரும் ஒரே குரலில் சொன்னது, "புகைப்புரைப் புகைதான், ஆசிட் நெடிதான்." கேட்கிறவர்களுக்கு அது நியாயமாகவும் பட்டது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதால் அரசு ஆஸ்பத்திரியில் அது முதலில் நடந்தது. காசநோய் இல்லை. அதைச் செய்தது ரொம்பச் சரி, நீங்களும் அதைத் தள்ளிப்போடாதீர்கள், இலவசம்தான். அதற்குப் பிறகு தொடங்கியதுதான் அலைச்சல். நாகர்கோவிலில் ஒரு பெரிய இடம், கேரள எல்லை தாண்டி இன்னொரு பெரிய இடம். எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, சி.டி. ஸ்கேன். ஒருவர் ஆஸ்துமாவாக இருக்கலாம் என்று இன்ஹேலர் கொடுத்தார். இன்னொருவர் வயிற்று அமிலம் மேலே வருகிறது என்று வெறும் வயிற்றில் சாப்பிட பான்டாப்ரசோல் கொடுத்தார். நடுவில் ஆன்டிபயாடிக், இருமல் டானிக். எதற்கும் அசையவில்லை. அம்மா மனதுக்குள் புற்றுநோய் என்றே முடிவு கட்டிவிட்டாள். கோட்டாறு சவேரியார் கோயிலுக்கு நேர்ச்சை நேர்ந்துகொண்டாள். வீட்டில் யாரும் அந்த வார்த்தையைச் சத்தமாகச் சொல்லவில்லை.

எல்லா இடத்திலும் ஃபைலில் "பிரஷர் உண்டு" என்று எழுதினார்கள். என்ன மாத்திரை என்று ஒருவரும் கேட்கவில்லை. இதை எழுதும்போது இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

கடைசியில் வீட்டுப் பக்கத்து டாக்டரம்மாவிடம் போனோம். இருமலுக்காகப் போகவில்லை, அம்மாவுக்குத் தைராய்டு மாத்திரை எழுதி வாங்கப் போன இடத்தில் அப்பாவும் கூட இருந்தார். பக்கத்து அறையில் சீட்டுக்காக உட்கார்ந்து இருமியதைக் கேட்டுவிட்டு அவரே கூப்பிட்டார்.

"அண்ணே, எவ்வளவு நாளா இந்த இருமல்?"

அப்பா வழக்கம்போலப் புகைப்புரைக் கதையைச் சொன்னார். டாக்டரம்மா கேட்ட அடுத்த கேள்வியை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன். "இலை உதிர்ற சமயம் வெட்டு கெடையாதே. தோட்டத்துக்கே போகாம வீட்டுல இருந்தியளே, அப்பம் இருமல் கொறஞ்சுதா?"

அப்பா யோசித்தார். குறையவில்லை. அந்தச் சமயத்திலும் ராத்திரி முழுக்க இருமல்தான். அதோடு ஊரெல்லாம் சொன்ன காரணம் விழுந்தது. ரப்பர் வெட்டு எப்போது நிற்கும் என்று தெரிந்தவருக்குத்தான் அப்படிக் கேட்கத் தோன்றும்.

பிறகு நெஞ்சிலும் முதுகிலும் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பொறுமையாகக் கேட்டார். இரைப்பு இல்லை. எடை குறையவில்லை. சாப்பிட்டவுடன் கூடுகிறதா, புளிச்ச ஏப்பம் உண்டா, மூக்கிலிருந்து தொண்டைக்குச் சளி இறங்குகிறதா, மாடிப்படி ஏறினால் மூச்சு முட்டுகிறதா, கால் வீங்குகிறதா. எல்லாவற்றுக்கும் இல்லை. அப்புறம், "பிரஷருக்கு என்ன குளிகை எடுக்கிய? கையில உண்டா?" அப்பா சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தார். எனலாப்ரில்.

"இதுதான் அண்ணே. குளிகை தப்பில்ல, நல்ல மருந்துதான். ஒங்க ஒடம்புக்கு ஒத்துக்கல."

எழுதிக் காட்டி விளக்கினார். இந்த வகை மாத்திரைகள் உடம்பில் ஒரு நொதியைத் தடுத்து ரத்தக்குழாயைத் தளர்த்துகின்றன. அதே நொதிக்கு இன்னொரு வேலையும் உண்டு, பிராடிகைனின் என்ற பொருளை உடைப்பது. நொதியைத் தடுத்தால் அந்தப் பொருள் மூச்சுக்குழாய் பக்கம் தேங்கி இருமல் நரம்பைச் சீண்டிக்கொண்டே இருக்கும். எல்லாருக்கும் வராது, நூறு பேரில் ஐந்து முதல் இருபது பேருக்கு வரும் என்று சொல்வார்கள். தொடங்கிய உடனே வரலாம், மாதங்கள் கழித்தும் வரலாம். அதனால்தான் யாருக்கும் இரண்டையும் முடிச்சுப் போடத் தோன்றவில்லை.

மாத்திரையை நிறுத்தவில்லை. லோசார்டானுக்கு மாற்றினார். அது பிராடிகைனின் பக்கம் போவதில்லை என்பதால் இருமல் வருவது அபூர்வம். ஒன்று முதல் நான்கு வாரத்தில் இருமல் அடங்கும், சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகலாம், பதறாதீர்கள் என்றார். பிரஷர் பார்க்கவும், பொட்டாசியம் என்ற உப்புச் சத்தும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்க்க ரத்தப் பரிசோதனைக்கும் திரும்ப வரச் சொன்னார். அந்த மாதம் முடிவதற்குள் அப்பா ராத்திரி முழுக்கத் தூங்கத் தொடங்கிவிட்டார். அம்மாவும் தூங்கினாள்.

இதை வீட்டில் சொன்னபோது மைனி (அண்ணி) சொன்னது: "சி.டி. எடுத்ததுனாலதானே வேற ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சுது? வெறும் எம்.பி.பி.எஸ். சொன்னா நம்பிட்டு இருப்பியா?" நான் வாதாடவில்லை, பெரியவர்கள் இருந்தார்கள். ஆனால் என் பதில் இதுதான். "என்ன மாத்திரை?" என்பது ஸ்கேனுக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அதைக் கேட்க எந்த மிஷினும் தேவையில்லை. மாத்திரையை மாற்றிப் பார்த்து, இருமல் போகாவிட்டால் அப்போது ஸ்கேன் எடுத்திருக்கலாம்.

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தப் பெரிய ஆஸ்பத்திரி மோகம் ஏன் என்று யோசித்திருக்கிறேன். நெய்யூரில் 1838-லேயே மிஷன் வைத்தியம் தொடங்கிவிட்டது. 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப்போன சோமர்வெல் டாக்டர் வந்து தங்கி ஆபரேஷன் செய்த இடம் அது. அந்தக் காலத்திலிருந்தே டாக்டர் என்றால் கத்தி பிடிப்பவர் என்று ஊறிப்போயிருக்கிறது. இன்றைக்குப் பஸ் ஏறினால் நாகர்கோவில், இன்னொரு பக்கம் போனால் திருவனந்தபுரம். கை எட்டும் தூரத்தில் எல்லாம் இருப்பதால் பக்கத்துத் தெரு டாக்டரை ஊசி போடவும் மெடிக்கல் சர்டிபிகேட்டுக்கும் மட்டும் வைத்திருக்கிறோம். குடும்ப மருத்துவம் என்று தனியாக டி.என்.பி. மேற்படிப்பே இருக்கிறது என்று சொன்னால் இங்கே பாதிப் பேர் நம்ப மாட்டார்கள்.

தூரம் என்றதும் இதையும் சொல்லியே ஆக வேண்டும். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போன நாட்களில் குலசேகரம், திருவட்டாறு ரோட்டில் கல்லும் எம்.சாண்டும் ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டும் டாரஸ் லாரிகளுக்குப் பின்னால் நின்றதுதான் அதிகம். பள்ளிக்கூடம் விடும் நேரத்திலும் வரிசையாக வருகின்றன. ரோடு குண்டும் குழியும், தூசி வேறு. இருமல் உள்ளவரை ஸ்கூட்டரில் பின்னால் வைத்துக்கொண்டு அந்தத் தூசியில் நின்று பாருங்கள் தெரியும். என் வகுப்புப் பிள்ளைகள் அந்த ரோட்டோரமாகத்தான் நடந்து வீட்டுக்குப் போகிறார்கள். மலையும் போகிறது, ரோடும் போகிறது, கேட்பார் இல்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பீர்கள். எனக்குச் சம்பந்தம் உண்டு.

சரி, உங்கள் அப்பாவுக்கு வருகிறேன். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து உட்பட, ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். "பிரஷர் குளிகை எடுக்கேன்" என்று வாயால் சொன்னால் போதாது. அட்டையில் எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில், பெரிண்டோப்ரில் என்று ஏதாவது இருந்தால் டாக்டரிடம் விரலை வைத்துக் காட்டுங்கள். கம்பெனிப் பெயர் பெரிதாகவும் மருந்தின் பெயர் பொடி எழுத்திலும் இருக்கும், போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அட்டெனோலால், புரோப்ரனோலால் மாதிரி மாத்திரைகளால் மூச்சிரைப்பு கூடலாம், அதையும் காட்டுங்கள்.

இதைப் படித்துவிட்டு நீங்களாகவே மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். இதற்கு முன் ஒருமுறை இதே கதையைச் சுருக்கமாக எழுதியபோது ஒருவர் "அப்படியானால் பிரஷர் மாத்திரையே வேண்டாம், முருங்கைக்கீரை போதும்" என்று கீழே எழுதினார். கீரை சாப்பிடுங்கள், உப்பைக் குறையுங்கள், நல்லதுதான். மாத்திரையை நிறுத்தினால் பிரஷர் சத்தமில்லாமல் ஏறும், பக்கவாதத்தில் கொண்டு விடும். மாற்ற வேண்டியது டாக்டர்.

எல்லா இருமலும் இதுதான் என்றும் நான் சொல்லவில்லை. சளியில் ரத்தம், எடை குறைவது, மாலைக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, மூச்சுத் திணறல், புகை பிடிப்பவருக்கு இருமலின் தன்மை மாறுவது, இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. மேலே சொன்ன, பெயர் "ப்ரில்" என்று முடியும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு உதடோ நாக்கோ முகமோ வீங்கினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும்.

பக்கத்து டாக்டர் தெரியாததைத் தெரிந்த மாதிரி வைத்துக்கொள்வாரோ என்ற பயம் உங்களுக்கு இருக்கலாம். எங்கள் தாய்மாமா வாழைத்தோட்டத்தில் தண்ணீரில் நின்று வேலை செய்துவிட்டுக் காய்ச்சலோடு வந்தபோது அதே டாக்டரம்மா கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தார், கண் சிவந்திருப்பதைப் பார்த்தார், எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்று சீட்டு எழுதி அன்றைக்கே ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பிவிட்டார். தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. மாமா பிழைத்து வந்தார். இருமலுக்கு ஸ்பெஷலிஸ்ட் வேண்டுமென்றால் அப்படிப்பட்டவரே உங்களை அனுப்புவார், எந்த ஸ்பெஷலிஸ்ட் என்றும் எழுதிக் கொடுப்பார்.

உங்கள் அப்பாவின் மாத்திரைப் பெயரைக் கீழே எழுதினால் எனக்குத் தெரிந்த அளவு சொல்கிறேன். ஆனால் என் பதிலுக்காகக் காத்திருக்காமல் நாளைக்கே அந்தக் கவரோடு அவரைப் பக்கத்து டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். சளிப் பரிசோதனை இன்னும் எடுக்கவில்லை என்றால் அதையும் இந்த வாரமே முடித்துவிடுங்கள்.