பிளேட்டோவின் 514ஏ எங்கே?

பிளேட்டோவின் குகை உவமைக்கு 'குடியரசு 514ஏ' என்று மேற்கோள் தருகிறார்கள், ஆனால் 514ஏ உங்கள் புத்தகத்தின் பக்க எண்ணே இல்லை. அதனால்தான் 400 பக்கக் 'குடியரசு' பிரதியில் அது சிக்கவில்லை. 1578இல் ஸ்டெஃபானுஸ் என்ற அச்சாளர் ஜெனீவாவில் அச்சிட்ட பிளேட்டோ பதிப்பின் பக்கம் அது, ஏ, பி, சி, டி, இ என்பவை அந்தப் பக்கத்தின் பகுதிகள்.

உங்கள் பிரதியின் பக்க ஓரத்தைப் பாருங்கள். 'குடியரசு'க்குள் வரும் முதல் நூல், அதாவது முதல் பாகம், 327ஏ என்று தொடங்கினால் சரி, நேராக ஏழாம் நூலின் ஆரம்பத்துக்குப் போங்கள், குகை அங்கேதான். ஓரத்தில் எண்ணே இல்லாத மலிவுப் பதிப்பென்றால் அதோடு மல்லுக்கட்டாமல் வேறொன்று வாங்கிவிடுங்கள்.

அப்புறம், மேற்கோளில் 'குடியரசு' போன்ற படைப்பின் பெயரை விடாதீர்கள். ஸ்டெஃபானுஸ் பதிப்பு மூன்று தொகுதி, ஒவ்வொன்றிலும் எண் புதிதாக ஆரம்பிக்கும். பிளேட்டோவின் அப்பாலஜி தொடங்குவதும் 17ஏ, திமேயஸ் தொடங்குவதும் 17ஏ! அரிஸ்டாட்டிலுக்கு இது செல்லாது, அங்கே பெக்கர் என்ற அறிஞரின் 1831 பெர்லின் பதிப்பு எண்கள்தான்.