சைடிங் கழுவியபின் சுவருக்குள் தண்ணீர்: காப்புறுதி கை விரித்தால்

வணக்கம் தம்பி. கனடாவின் பிராம்ப்டனில் ஒரு வாடிக்கையாளர் வீட்டின் வைனில் சைடிங்கை (வெளிச்சுவரை மூடும் பிளாஸ்டிக் பலகைகளை) அழுத்த நீரால் கழுவினீர்கள், உள்ளே ட்ரைவால் (உட்சுவரின் ஜிப்சம் பலகை) ஊறிப்போய்விட்டது, "வேலைக் குறைபாடு" என்று காப்புறுதிக்காரர் தொலைபேசியில் மறுத்துவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். மனம் தளர வேண்டாம்.

பொதுப் பொறுப்புக் காப்புறுதி, அதாவது உங்கள் வேலையால் பிறருக்கு வரும் சேதத்துக்கான காப்புறுதி, நீங்கள் வேலை செய்த பகுதியையே திருத்த வழக்கமாகப் பணம் தராது. சைடிங் கழன்றிருந்தால் அந்தச் செலவு உங்களுடையதுதான். ஆனால் உள்ளே ஊறிய ட்ரைவாலும் உப்பிய தரையும் நீங்கள் கை வைக்காத பகுதிகள். அவை "விளைவாக வந்த சேதம்" என்று பல பாலிசிகளில் அடங்கும். மறுப்பை, எந்த விதியின்படி என்று எழுத்தில் கேளுங்கள். முகவரிடம் பாலிசியின் முழுப் பிரதியையும் வாங்குங்கள்.

அதற்குள் வீட்டுக்காரருக்குக் கையிலிருந்து காசு கொடுத்துவிடாதீர்கள், தவறு என்னுடையது என்று எழுதியும் கொடுக்காதீர்கள். நல்ல மனதோடு செய்தாலும் அதுவே கோரிக்கையைக் கெடுத்துவிடும். ஈரம் காயுமுன் படம் எடுங்கள்.

அப்புறம், நீர் பீய்ச்சும் நொசிலைக் கீழிருந்து மேலாகப் பிடித்தீர்களா? பலகைகள் ஒன்றின்மேல் ஒன்று படியும் இடுக்கால் தண்ணீர் நேரே உள்ளே ஏறிவிடும். நானும் ஒருமுறை அப்படித்தான் மாட்டினேன்.