வண்டிக்கு முன்னால் வர வேண்டியவர்

கேள்வி: குடவாசல் பக்கம் ஒரு கிராமம். கும்பகோணத்தில் ஒரு மருந்துக் கடையில் கணக்கு எழுதுகிறேன். போக வர 38 கிலோமீட்டர். பன்னிரண்டு வருடமாக டவுன் பஸ், இல்லாவிட்டால் கணவர் வண்டியில் பின் சீட்டு. முதல் தடவையாக என் சம்பளத்தில் ஒரு பேட்டரி ஸ்கூட்டர் புக் செய்திருக்கிறேன். இன்னும் பதினான்கு நாளில் வந்துவிடுமாம். ராத்திரி தூக்கம் வரவில்லை, அந்த வண்டியைப் பற்றிய வீடியோவாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சீட் கவர், ஃபுட் மேட், மழைக்கோட்டு, ஹெல்மெட் எல்லாம் வாங்கி பீரோவில் வைத்தாயிற்று. கணவர் "தீப்பிடிக்கும் பார்" என்கிறார். கொழுந்தனார் "மோட்டார் கொட்டகையில் சார்ஜ் போடுங்க அண்ணி, காசே கிடையாது" என்கிறார். மாமியார் நாள் பார்க்கச் சொல்கிறார். வண்டி வருவதற்குள் வேறு என்ன தயார் செய்யணும்? இப்படிப் பறக்கிறேனே, கொஞ்சம் அதிகமோ?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்:

அதிகமெல்லாம் இல்லை, தங்கச்சி. பன்னிரண்டு வருடம் பஸ்ஸுக்குக் கால் கடுக்க நின்றவருக்குச் சொந்த வண்டி என்றால் தூக்கம் வராதுதான். பறங்கள். ஆனால் நீங்கள் வாங்கி வைத்திருப்பதைப் பாருங்கள். ஹெல்மெட் சரி, அது முதல் நாளே வேண்டும். சீட் கவரும் மேட்டும் வண்டி வந்து ஒரு மாதம் கழித்துக்கூட வாங்கலாம். அவசரமாக வர வேண்டிய ஒரு ஆளை மட்டும் விட்டுவிட்டீர்கள். எலெக்ட்ரீஷியன்.

என் கதையைச் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் என் வண்டி வந்த அன்று வீட்டில் ஒரே திருவிழா. சார்ஜ் போடணுமே என்ற ஞாபகம் ராத்திரி எட்டு மணிக்குத்தான் வந்தது. திண்ணையில் பிளக் கிடையாது. கூடத்தில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்துப் பாயிண்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்து, ஜன்னல் வழியாக வயரை வெளியே விட்டு மாட்டினேன். பதினோரு மணி வாக்கில் தண்ணீர் குடிக்க எழுந்தால் ஒரு வாடை. மீன் வாடை மாதிரி. எங்கள் வீட்டில் அன்று சாம்பார். மோந்துகொண்டே போய் பிளக்கைத் தொட்டேன், விரல் சுட்டது. பிடுங்கிப் பார்த்தால் வெள்ளை பிளாஸ்டிக்கில் ஒரு பின்னைச் சுற்றி மட்டும் பழுப்பு வளையம், ஓரம் தீய்ந்த தோசை மாதிரி. வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, சார்ஜருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கோளாறு முழுக்க என் சுவரில்.

மிக்ஸி இரண்டு நிமிடம் ஓடும். இஸ்திரிப் பெட்டி சூடு ஏறினதும் தானே நின்று, மறுபடி பிடித்துக்கொள்ளும். வண்டி சார்ஜர் அப்படி இல்லை. மூன்று யூனிட் பேட்டரியும் முக்கால் கிலோவாட் சார்ஜரும் என்றால் நாலைந்து மணி நேரம் விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். சாக்கெட்டுக்குள் எங்கேயாவது லூஸ் கனெக்ஷன் இருந்தால், இத்தனை வருடம் தெரியாமல் இருந்தது அந்த நாலைந்து மணி நேரத்தில் காட்டிக் கொடுத்துவிடும்.

உங்கள் வீடு எப்படிப்பட்டது என்று எழுதவில்லை. நம் பக்கத்துப் பழைய ஓட்டு வீடு என்றால், மூன்று ஓட்டை சாக்கெட் இருக்கும், ஆனால் மேல் ஓட்டைக்குப் பின்னால் எர்த் வயரே இருக்காது. ஆகவே எலெக்ட்ரீஷியன் வந்ததும் முதலில் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 வோல்ட் பக்கம் காட்டணும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரண்டு வோல்ட்தான் இருக்கலாம். அதற்கு மேல் நிறையக் காட்டினால் எர்த் சரியில்லை, மண்ணில் புது எர்த் குழாய் இறக்கணும். நம் களிமண் ஈரம் பிடித்து வைத்திருக்கும், அதனால் எர்த் நன்றாகவே பிடிக்கும். கடலோரம் போகப் போக உப்பு, இரும்புக் குழாயைத் தின்றுவிடும். வேதாரண்யம் பக்கம் இருக்கும் வாசகர்கள் வருடத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு மெயின் போர்டிலிருந்து தனியாக ஒரு லைன். இரண்டரை சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர், அதற்கென்று ஒரு எம்.சி.பி. (லோடு கூடினால் தானே விழுகிற சுவிட்ச்), நல்ல கம்பெனி 16 ஆம்ப் பவர் பிளக். ஆர்.சி.சி.பி. இல்லாவிட்டால் அதையும் கேட்டு வாங்கிப் போடுங்கள், 30 மில்லி ஆம்ப் என்று எழுதியிருக்கும். அவ்வளவு கரண்ட் கசிந்தாலே தட்டிவிடும். மழை நாளில் ஈரக் கையோடு சார்ஜர் மாட்டப் போகிறவர் நீங்கள்தானே. சாக்கெட்டை எந்த உயரத்தில் வைப்பது என்று அவர் கேட்பார். மாமியாரைக் கேளுங்கள், எந்த வருட மழையில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று சுவரைத் தொட்டுக் காட்டுவார். அதற்கும் ஒரு முழம் மேலே வையுங்கள். சார்ஜருக்கு ஒரு சின்னப் பலகையும் அதே உயரத்தில் அடித்துவிடுங்கள், தரையில் கிடக்க வேண்டாம்.

கொழுந்தனார் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் வேண்டாம். விவசாய இணைப்புக்குக் கட்டணம் வாங்காதது அது பாசனத்துக்குக் கொடுத்த கரண்ட் என்பதால். அதில் வண்டிக்குச் சார்ஜ் போட்டால், கொடுத்த காரியத்தை விட்டு வேறு காரியத்துக்குப் பயன்படுத்தியதாக 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 126-வது பிரிவில் வரும். மதிப்பீடு செய்து உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போடுவார்கள். அதோடு மோட்டார் கொட்டகை எலி குடியிருக்கிற இடம். வயலெலிக்கு வரப்பும் ஒன்றுதான், வயரும் ஒன்றுதான். (வீட்டிலும் கவனம். தினம் எடுக்காத வண்டியை வாரம் ஒரு தடவையாவது சீட்டைத் தூக்கிப் பாருங்கள்.)

அப்படி என்ன மிச்சமாகிவிடும் என்றும் பார்த்துவிடலாம். நம் பக்கம் சமதளம், மேடு என்றால் ஆற்றுப் பாலம்தான். அரசலாற்றுப் பாலம் ஏறி இறங்குவதில் பேட்டரி ஒன்றும் குறைந்துவிடாது. உங்கள் 38 கிலோமீட்டருக்கு, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, ஒன்றரை யூனிட் ஆகும். இரண்டு மாதத்தில் ஐம்பது வேலை நாள் என்றால் 75 யூனிட். யூனிட் ஆறு ரூபாய் என்று போட்டாலும் 450 ரூபாய். அதே 1,900 கிலோமீட்டரை லிட்டருக்கு 45 கொடுக்கிற பெட்ரோல் வண்டியில் ஓட்டினால் 42 லிட்டர், நாலாயிரம் ரூபாயைத் தாண்டும். 450 ரூபாய்க்காக எதற்கு ஈ.பி.காரரிடம் கைகட்டி நிற்கணும்? ஒன்றே ஒன்று: உங்கள் ஈ.பி. கார்டில் இரண்டு மாத அளவு 500 யூனிட்டை ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள். அதைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும், பில் இந்த 75 யூனிட்டுக்கு மட்டும் ஏறாது.

ஒரு சார்ஜில் இவ்வளவு ஓடும் என்று காகிதத்தில் போட்டிருக்கும் தூரத்தை அப்படியே நம்பாதீர்கள். முக்கால் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்க்காற்றில் இன்னும் குறையும், ஆடியில் தெரியும். முதல் நாள் எட்டு மணி நேரம் சார்ஜ் போட்டால்தான் பேட்டரி "பழகும்" என்று யாராவது சொல்வார்கள். அது பழைய பேட்டரிகளின் காலத்துப் பேச்சு, லித்தியத்துக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது. அன்றாடத்துக்குச் சார்ஜை 20 சதவீதத்துக்குக் கீழே இறங்க விடாமல் 80 பக்கம் நிறுத்திக்கொண்டால் நீண்ட நாள் வரும். எப்போது முழுசாக ஏற்றணும் என்று கையேட்டில் எழுதியிருந்தால் அதன்படி செய்யுங்கள். வெயிலில் ஓட்டி வந்து சூட்டோடு மாட்டாதீர்கள். வண்டி அரை மணி ஆறட்டும், நீங்களும் காபி குடித்துவிட்டு வாருங்கள்.

மாதாந்திரப் பராமரிப்புக்கு ஈ.பி. கரண்ட்டை நிறுத்துவது பகலில். நீங்கள் போடப்போவது ராத்திரி, அதனால் கவலை இல்லை. கவலைப்பட வேண்டியது ஐப்பசி, கார்த்திகைக்கு. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா கரையேறின பிறகு எத்தனை கிராமத்தில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோம் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. புயல் எச்சரிக்கை வந்த அன்று மட்டும் 80 கணக்கை மறந்துவிட்டு நூறு வரை ஏற்றி, வண்டியை மேடான இடத்தில் நிறுத்துங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். 12 வோல்ட், 150 ஆம்ப்பியர் பேட்டரியில் மொத்தமே 1.8 யூனிட்தான் இருக்கிறது. வண்டி கேட்பது மூன்று. இரண்டும் சேர்ந்து படுத்துவிடும்.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. பேட்டரியில் ஐ.பி. 67 என்று போட்டிருந்தால், ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று சோதித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மழையில் ஓட்டலாம். வெள்ளத்தில் ராத்திரி முழுக்க நிற்பது வேறு விஷயம். அப்படி நின்றுவிட்டால் ஆன் செய்யாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், கயிறு கட்டி இழுக்காதீர்கள். குட்டியானையில் ஏற்றி சர்வீஸுக்கு அனுப்புங்கள். இன்ஷூரன்ஸில் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் வெள்ளத்துக்குப் பைசா வராது. சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்திருக்கிறீர்களா என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் பயப்படுவதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. 2022 கோடையில் சில வண்டிகள் எரிந்தன. அதன் பிறகுதான் ஏ.ஐ.எஸ். 156 என்ற பேட்டரி விதியைக் கடுமையாக்கி, அந்த வருடம் டிசம்பரிலும் 2023 மார்ச் முடிவிலுமாக இரண்டு கட்டமாகக் கொண்டு வந்தார்கள். நீங்கள் வாங்குவது அதற்குப் பிறகு செய்த வண்டி. இருந்தாலும் அவர் பயத்தை நல்ல காரியத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். வைக்கோல் போருக்குப் பக்கத்தில், கீற்றுச் சார்ப்புக்குக் கீழே சார்ஜ் போடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவரிடம் கொடுத்துவிடுங்கள். வீட்டை விட்டு வெளியேற இருக்கிற ஒரே வாசலை மறித்தும் நிறுத்தக் கூடாது. நாளைக்கே அவர் இடம் அளக்க ஆரம்பித்துவிடுவார், பாருங்கள்.

இனி வண்டி. சத்தம் இல்லாததுதான் இதன் அழகு, ஆபத்தும் அதுவே. எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் பூஜை போட்டு, குருக்கள் இரண்டு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார். நசுக்கிவிட்டு வரேன் அத்தை என்று என் அண்ணன் பையன் ஏறி உட்கார்ந்தான். பத்து வருடம் பைக் ஓட்டினவன். ஏற்கெனவே ஆனில் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியவில்லை, காதில் எதுவும் கேட்கவில்லையே. பெட்ரோல் வண்டியை முறுக்குகிற மாதிரி ஒரு முறுக்கு. பழம் இரண்டும் நசுங்கின கையோடு வண்டி சூறைத்தேங்காய்த் தொட்டியில் போய் முட்டி நின்றது. குருக்கள் தட்டோடு தூணுக்குப் பின்னால். முன் மட்கார்டில் அந்தக் கீறல் இன்னும் இருக்கிறது, நான் மாற்றவில்லை.

அதனால் முதல் வாரம் கும்பகோணம் வேண்டாம். சாயங்காலம் அறுவடை முடிந்த களத்திலோ பள்ளிக்கூட மைதானத்திலோ மெதுவாக முறுக்கப் பழகுங்கள். இறங்கும்போது ஆஃப் செய்துவிட்டு இறங்குவது கைப்பழக்கமாகணும். தள்ளிக்கொண்டு போகும்போதும் அப்படியே. வீட்டில் குழந்தைகள் இருந்தால் சாவி உங்கள் இடுப்பில்தான். ரோட்டில் ஆடு, வாத்துக் கூட்டம், குடத்தோடு நடக்கிற பெண்கள், யாருக்கும் நீங்கள் வருவது கேட்காது. நாச்சியார்கோயில் கடைவீதியில் ஹாரன் அடிக்க வெட்கப்படாதீர்கள். தையில் ரோட்டில் நெல் காயும், வைக்கோல் கிடக்கும். நெல்லில் பிரேக் பிடித்தால் வழுக்கும், வைக்கோல் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். இறங்கிப் பிடுங்கிவிட்டுப் போங்கள், அடுத்த ஊர் வரை ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

டெலிவரி அன்று ரசீதில் இருக்கிற பேட்டரி எண்ணும் சார்ஜர் எண்ணும் பொருளின் மேல் இருப்பதோடு ஒத்துப் போகிறதா பாருங்கள். பச்சை நம்பர் பிளேட்டில் வெள்ளை எழுத்து, அதைப் பார்த்து நாலு பேர் கேட்பார்கள், பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

மாமியார் நாள் பார்க்கட்டும். ராகு காலம், எமகண்டம் போக மிச்ச நேரத்தில் டெலிவரி கேட்டால் நம் ஊர் ஷோரூமில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், அவர்களும் பார்க்கிறவர்கள்தான். பிடிக்க முடியாத ஆள் எலெக்ட்ரீஷியன். முகூர்த்த மாதம் என்றால் எல்லாரும் மண்டபத்தில் சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருப்பார்கள், "நாளைக்கு வரேன்க்கா" என்பதில் ஒரு வாரம் போய்விடும். இதைப் படித்த கையோடு போன் போடுங்கள். அவர் வந்து போனதும் மீட்டரில் எர்த்துக்கு என்ன காட்டியது என்று ஒரு வரி எழுதுங்கள். வண்டி என்ன கலர் என்பதையும் எழுதுங்கள், இத்தனை சொன்னீர்கள், அதைச் சொல்லவே இல்லையே.